லண்டன் வீட்டில் பழைய ஃபயர்பிளேஸை மூடிப் பூசுவது

கிழக்கு லண்டனில், 1900-ஐ ஒட்டிக் கட்டிய வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன்னறையில் யாரும் பயன்படுத்தாத ஒரு ஃபயர்பிளேஸ். குளிர்காற்று இறங்குகிறது, குழந்தை கரியை அள்ளி முகத்தில் பூசிக்கொள்கிறது. பலகை அடித்து மேலே பூசிவிடலாமா, கல் வைத்துக் கட்டிவிட வேண்டுமா, பூச்சு விரிசல் விடாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலகையும் சரி, கல்லும் சரி. இரண்டையும் எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன். ஆனால் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் பூச்சில் இல்லை. சுவரில் ஒரு ஓட்டை இருந்தால் அடைத்துப் பூசிவிட்டு மறந்துவிடலாம். ஃபயர்பிளேஸ் என்பது கூரைக்கு மேல்வரை போகிற ஒரு குழாயின் அடிவாய். அடியை அடைத்தாலும் மேலே குழாய் அப்படியேதான் இருக்கும். அதற்குள் மழை இறங்கும், ஈரம் தங்கும், பறவை கூடு கட்டும். அதற்கு வழி வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வருடமாக இங்கே கட்டட வேலைதான் என் தொழில். நான் வாங்கிய முதல் வீட்டில், வேலை தெரிந்த திமிரில், ஒரே சனிக்கிழமையில் பிளாக் வைத்துக் கட்டி, அடுத்த வாரம் பூசி, பெயின்ட் அடித்து, அதன்மேல் டிவியையும் மாட்டிவிட்டேன். காற்றுக்கு ஊசிமுனை இடம்கூட விடவில்லை. முதல் குளிர்காலம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் டிவிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு, டிகாஷன் சிந்தியது போல ஒரு கறை. கறையை மறைக்கும் பெயின்ட் வாங்கி அடித்தேன். மூன்றே வாரத்தில் அதைச் சுற்றி இன்னொரு வளையம். மறுபடி அடித்தேன், மறுபடி வந்தது. மழை நாளில் சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கும், வெயில் நாளில் காய்ந்து வெள்ளையாகப் பூக்கும். கடைசியில் நான் கட்டியதை நானே உடைத்தேன். உள்ளே கையை விட்டால் கரி ஈரத்தில் கூழாகிக் கிடந்தது.

நடந்தது இதுதான். பல பத்து வருடம் நிலக்கரி எரித்த குழாயின் உட்சுவர் முழுக்கக் கரி படிந்திருக்கும். அந்தக் கரியில் சல்ஃபேட், குளோரைடு, நைட்ரேட் என்று பலவகை உப்புகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே குணம்தான். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குழாயில் காற்று ஓடிக்கொண்டிருக்கும்வரை ஈரம் காய்ந்து போய்விடும். இரண்டு வாயையும் அடைத்தால் அது செங்கல் வழியாக அறைப்பக்கம் வந்து, வரும்போது கரிச்சாற்றையும் சேர்த்துக் கொண்டுவரும். வெளியே தெரிகிற கறை அதுதான். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் பின்னால் ஊறுவது நிற்காது.

இன்னொரு சங்கதி. இந்தப் பழைய புகைக்குழாய்களின் உட்புறத்தை அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் மாட்டுச் சாணம் கலந்துகூடப் பூசியிருக்கிறார்கள். நம் ஊரில்தான் சாணி மெழுகுவார்கள் என்று நினைத்திருந்தேன். நூறு வருடத்தில் அந்தப் பூச்சு பல இடங்களில் உதிர்ந்திருக்கும். அதனால் குழாய்க்கும் உங்கள் அறைக்கும் நடுவே இருப்பது பல வீடுகளில் வெறும் அரைச் செங்கல் தடிமன் சுவர்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பூச்சுக் கரண்டியைக் கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பூஜை அறையிலிருந்து ஒரு ஊதுவத்தி போதும். ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, கொளுத்திய ஊதுவத்தியை ஃபயர்பிளேஸின் வாயில் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து மேலே ஏறினால் குழாய் திறந்திருக்கிறது. நேராக நின்று அறைக்குள்ளேயே பரவினால் மேலே யாரோ மூடியிருக்கலாம், அல்லது கூடும் குப்பையும் அடைத்திருக்கலாம். இது தோராயமான சோதனைதான். காற்றில்லாத வெதுவெதுப்பான நாளில் திறந்த குழாய்கூட இழுக்காமல் இருக்கும். எப்படியானாலும் சிம்னி சுத்தம் செய்பவரை ஒருமுறை வரவழைத்துக் கரியை முழுக்க இறக்கிவிடுங்கள். மூடிய பிறகு அந்த வாய்ப்பு கிடைக்காது. கரி குறைந்தால் நான் மேலே சொன்ன உப்பும் குறையும். வசந்த காலமென்றால் உள்ளே பறவை முட்டையிட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குஞ்சுகள் பறந்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

அடுத்து, தெருவுக்குப் போய் நின்று கூரையைப் பாருங்கள். புகைபோக்கியின் உச்சியில் மண்குடங்கள் வரிசையாக நிற்கும். ஒரு குடம் என்றால் ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அறையின் ஃபயர்பிளேஸுக்கும் தனிக் குழாய், உள்ளே ஒன்றோடொன்று சேராது. வரிசை வீடாக இருந்தால் பாதிக் குடங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையவை. உங்கள் முன்னறைக் குடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கூரை வேலை செய்பவர் மேலே ஏறி, மழை இறங்காத, ஆனால் காற்று போகக்கூடிய மூடி ஒன்றை அதன்மேல் பொருத்த வேண்டும். சிமென்ட் வைத்து மொத்தமாக அடைக்க விடாதீர்கள். "நல்லா டைட்டா மூடிட்டேன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் விறகடுப்பு வைத்திருந்தால், அவருடைய குழாய்க்கும் உங்கள் குழாய்க்கும் நடுவே இருக்கிற தடுப்பு பழசாகிப் புகை கசியலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உங்கள் அறையில் அதற்கான அலாரம் ஒன்று வைத்துவிடுங்கள், விலை அதிகமில்லை.

இனி, ஃபயர்பிளேஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. இந்த ஊரில் இவை ஏன் இப்படி அனாதையாகக் கிடக்கின்றன என்று தெரிந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதும் ஓரளவு புரியும். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் சாதாரண நிலக்கரியை எரிக்க முடியாமல் போனது. 1967-இலிருந்து பத்து வருடத்துக்குள் நாடு முழுவதும் வடகடல் எரிவாயுவுக்கு மாறியது. மக்கள் காஸ் ஹீட்டர் வைத்தார்கள், பிறகு ரேடியேட்டர் வைத்தார்கள், பழைய ஃபயர்பிளேஸை ஒரு அட்டைப் பலகையால் மூடி வால்பேப்பர் ஒட்டினார்கள்.

அந்தப் பலகைதான் இப்போது உங்கள் கவலை. 60-களிலும் 70-களிலும் மூடியவற்றில் சில சாதாரண ஹார்ட்போர்டு. சில ஆஸ்பெஸ்டாஸ் பலகை, தீ பிடிக்காது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தது. பெயின்ட் அடித்த பிறகு கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடை செய்தது 1999-இல்தான். அதனால் உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு பழைய பலகை இருந்தால் அதைத் துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். பயிற்சி உள்ளவரை வைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்த்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் என்று வந்தால் உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உள்ளே காஸ் குழாய் வந்து நின்றாலும், பழைய ஹீட்டர் இருந்தாலும், அதன் பின்னால் பாய்லர் ஒளிந்திருந்தாலும், கழற்றுவது காஸ் வேலைக்கான 'காஸ் சேஃப்' பதிவு உள்ளவர் மட்டுமே. குழாயின் நுனியில் மூடி போட்டுவிட்டால் போதும் என்று சுவருக்குள் புதைக்காதீர்கள். இணைப்பை வேறிடத்தில் துண்டித்து மூடித் தரச் சொல்லுங்கள்.

அனுமதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சும்மா மூடுவதற்குப் பொதுவாக யாரிடமும் கேட்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலில் இருந்தாலோ, வாடகை வீடு அல்லது லீஸ்ஹோல்டு (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட் என்றாலோ கேட்டுவிட்டுத் தொடுங்கள். அறைக்குள் துருத்தி நிற்கிற புகைபோக்கிச் சுவரையே இடித்து எடுக்கலாம் என்ற யோசனை வந்தால் அது வேறு கதை. அதற்குப் பொறியாளர், கவுன்சில், பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் என்று எல்லாம் உண்டு.

ஃபயர்பிளேஸின் வாயில் பொருத்திய வார்ப்பிரும்புச் சட்டம் இன்னும் உள்ளே இருந்தால் அதைக் கழற்றுவதா, அப்படியே விட்டு மூடுவதா? சட்டம் நல்ல நிலையில் இருந்தால், முன்னால் இடம் இருந்தால், விட்டுவிட்டே மூடலாம். பின்னால் வருபவர் உங்களை வாழ்த்துவார். கழற்றுவதாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் பூச்சை ஒரு கையளவு சுரண்டிப் பாருங்கள், காதுபோல நீட்டிய பட்டையில் திருகு இருக்கும். வார்ப்பிரும்பு கனம், ஆனால் கண்ணாடிபோல உடையும். சுத்தியலால் அடிக்காதீர்கள், தனியாளாகத் தூக்காதீர்கள். பழைய பொருள் விற்கும் கடைகளில் இதற்கு விலை உண்டு. திறப்பின் மேலே வளைவைத் தாங்கி ஒரு இரும்புப் பட்டை போகும். துருப்பிடித்து அசிங்கமாக இருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள், மேலே உள்ள கல் அதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது பலகையா, கல்லா? என் ஓட்டு பலகைக்கு. காரணம் எளிது: திரும்பத் திறக்கலாம். நீங்கள் வேண்டாம் என்று மூடுவதை, உங்களிடம் வாங்குகிறவர் ஆசையாகத் திறப்பார். கல்தான் வேண்டும் என்றால் 100 மி.மீ. லேசு பிளாக் போதும். அடிக்கல் வைக்கும் முன் தரையில் ஈரத்தடுப்புத் தாள் ஒன்றை விரித்துவிடுங்கள். அந்தப் பழைய கணப்புத் தளத்தின் அடியில் பெரும்பாலும் வெறும் இடிபாடுகளும் மண்ணும்தான், ஈரம் நேராக மேலே ஏறும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை பழைய சுவரோடு இரும்புப் பட்டை வைத்துத் திருகி இணையுங்கள். பூச்சின் தடிமனுக்கு ஏற்ப பிளாக் சுவரைக் கொஞ்சம் உள்தள்ளியே எழுப்புங்கள்.

பலகை வேலையில் முழு சூட்சுமமும் ஒரே ஒரு அளவில் இருக்கிறது. ஜிப்சம் பலகையின் தடிமன் 12.5 மி.மீ. அதன்மேல் வரும் பூச்சு 2 முதல் 3 மி.மீ. பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சோ இரண்டு செ.மீ.க்கு மேல் இருக்கும், அதுவும் ஒரே சமமாக இருக்காது. நீளமான மட்டப்பலகை ஒன்றைத் திறப்பின் குறுக்கே, இடது பக்கப் பழைய பூச்சிலிருந்து வலது பக்கப் பழைய பூச்சுக்குப் பொருந்தும்படி வையுங்கள். அந்த மட்டப்பலகையிலிருந்து உள்நோக்கி 15 அல்லது 16 மி.மீ. தள்ளி மரச்சட்டத்தின் முகம் வர வேண்டும். அப்போதுதான் பலகை அடித்த பிறகு அது பழைய சுவரைவிட 3 மி.மீ. உள்ளே நிற்கும், பூச்சு வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பழைய சுவர் எங்காவது ஏமாற்றும். பலகை சுவரோடு சமமாக நின்றுவிட்டால் பூச்சு வெளியே புடைக்கும். சாயங்காலம் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது, இங்கேதான் ஃபயர்பிளேஸ் இருந்தது என்று அறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தச் சுவரே சொல்லிவிடும்.

மரச்சட்டத்துக்கு 2-க்கு 2 அங்குல மரம் எடுங்கள். திறப்பின் பக்கச் சுவர்களில் துளை போடும்போது கல்லில் போடுங்கள், இடைக் கலவையில் போடாதீர்கள். பழைய சுண்ணாம்புக் கலவை திருகைப் பிடிக்காது, பொலபொலவென்று உதிரும். நடுவே ஒரு குத்துக்கால், குறுக்கே ஒன்று. பலகையைத் தட்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கக் கூடாது என்றால் சட்டங்களுக்கு இடையே மட்டும் இன்சுலேஷன் பஞ்சு வையுங்கள். காற்றுத் துளை வரும் இடத்தையும், பின்னாலுள்ள குழாயையும் விட்டுவிட வேண்டும். குழாய்க்குள் பஞ்சைத் திணித்தால் நான் முதலில் சொன்ன கதைதான். டிவி மாட்டுவதாக இருந்தால் இப்போதே பின்னால் ஒரு பிளைவுட் துண்டு வைத்துவிடுங்கள்.

காற்றுத் துளை 9-க்கு 3 அங்குலம் என்ற வழக்கமான அளவில், சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்குச் சற்று மேலே, நடுவில் வரட்டும். பலகையை அடிக்கும் முன்பே வெட்டிக்கொண்டால் சுத்தமாக வரும். பிளாக் கட்டினால் இரண்டாவது வரிசையில் ஒரு துளைக்கல். புகைபோக்கிச் சுவர் வீட்டின் வெளிச்சுவரிலேயே இருந்தால் துளையை வெளிப்பக்கமாகவும் வைக்கலாம், அறையில் எதுவும் தெரியாது. உள்ளே வைத்தால் குளிர் வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம் வரும். இப்போது திறந்த வாய் வழியே இறங்குவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பூச்சு. பழைய பூச்சின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று இருந்தால் விட்டுவிடலாம். பொக்கென்று ஒலித்தால் அது சுவரை விட்டுக் கழன்றது, கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுங்கள். இரண்டு கையகலம் போனாலும் போகட்டும். பலகை ஓரத்துக்கும் பழைய பூச்சுக்கும் இடையே உள்ள சந்தினை அடிப்பூச்சு ஜிப்சம் வைத்து நிரப்பிவிட்டு, அது இறுகிய பிறகு கண்ணாடி இழை வலைப்பட்டியை ஒட்டுங்கள். ஊரில் கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் கொத்தனார் கோழிவலை வைத்துப் பூசுவாரே, அதே காரணம்தான். இரண்டு வேறு பொருள், வேறு வேறு மாதிரி சுருங்கி விரியும். விரிசல் வருவது அந்தச் சந்தில்தான். நீங்கள் கேட்ட விரிசல் கேள்விக்குப் பதில் பாதி இந்தப் பட்டியில் இருக்கிறது.

மீதிப் பாதி, பழைய பூச்சின் தாகம். நூறு வருடச் சுண்ணாம்பு தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். அப்படியே பூசினால் புதுப்பூச்சு ஓரத்தில் மட்டும் சட்டென்று காய்ந்து, கரண்டியோடு பெயர்ந்து வரும். ஒரு பங்கு பிவிஏ பசைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து பழைய பூச்சில் தடவுங்கள். கை வைத்தால் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது பூசத் தொடங்குங்கள். முதல் கை மெல்லிசாக. அது லேசாக இறுகியதும், ஏறக்குறைய இருபது நிமிடத்தில், இரண்டாவது கை அதைவிட மெல்லிசாக. பலகையோடு நிறுத்தாமல் பழைய சுவர்மேலும் ஓரடி இழுத்துக் கரைத்துவிடுங்கள். மனம் வந்தால் அந்தத் துருத்திய சுவர் முழுவதையுமே பூசிவிடுவது இன்னும் நல்லது, ஒட்டு எங்கே என்றே தெரியாது. கலவை இறுக இறுகக் கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாகப் பிடித்துத் தேய்க்க வேண்டும். முதல் முறை என்றால் ஒரு பழைய பலகைத் துண்டில் கைப் பழகிவிட்டு வாருங்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊரில் பூச்சு முடிந்ததும் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கிற பழக்கம் சிமென்டுக்கு. இது ஜிப்சம். தண்ணீர் அடிக்காதீர்கள், அதே சமயம் ஹீட்டரை எதிரே வைத்து வறுக்கவும் செய்யாதீர்கள். தானாகக் காய விடுங்கள். ஈரத்தில் கருஞ்சிவப்பாக இருப்பது காய்ந்து வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்ததும், முதல் கை பெயின்டைத் தண்ணீர் கலந்து நீர்க்க அடியுங்கள், உறிஞ்சிக்கொள்ளும். நேராகக் கெட்டி பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் தோலாக உரியும்.

ஏற்கனவே கறை உள்ள சுவராக இருந்தால் ஜிப்சம் வேண்டாம். கறை பிடித்த பூச்சைக் கல் தெரியும்வரை எடுத்துவிட்டு, குழாய்க்கு மேலும் கீழும் காற்று வழி செய்து, சில மாதம் காய விட்டு, சுண்ணாம்புப் பூச்சு போடுவதுதான் என் வழக்கம். என் வீட்டில் அப்படித்தான் செய்தேன். டிவி ஆறு மாதம் தரையில் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் பெயின்டர் வருகிற அன்று நீங்கள் வீட்டில் இருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் வேலையெல்லாம் ஒழுங்காக முடித்து, காற்றுத் துளைக்கு வெள்ளை ஜாலியும் வைத்துக் கொடுத்திருந்தோம். சுவர் ஒரே சீராகத் தெரியட்டும் என்று பெயின்டர் அந்த ஜாலியின் ஒவ்வொரு சந்தையும் சீலன்ட் வைத்து நிரப்பி, மேலே இரண்டு கை பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். வீட்டம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "எவ்வளவு அழகா முடிச்சிருக்கார் பாருங்க" என்றார். நான் கத்தியை எடுத்து ஒவ்வொரு சந்தாகக் கீறித் திறந்தேன்.